யுங்பெர்க்கா, ஸ்வென்சனா: முப்பது வயதுக்குப் பிறகு எந்த ஸ்வீடன் மிட்ஃபீல்டர்?

2003 மே 17, கார்டிஃப் மில்லேனியம் ஸ்டேடியத்தில் இங்கிலாந்து கிளப்புகளின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். மழை காரணமாக மேற்கூரையை மூடிவிட்டு விளையாடினார்கள். ஆர்சனலின் நடுக்களத்தில் ஃப்ரெடி யுங்பெர்க், எதிரே சவுத்தாம்ப்டனின் நடுக்களத்தில் ஆண்டர்ஸ் ஸ்வென்சன். இருவரும் ஸ்வீடன்காரர்கள், வயது வித்தியாசம் ஒரு வருஷம்கூட இல்லை. யுங்பெர்க்கை வளர்த்த ஹால்ம்ஸ்டாட் கிளப்பும் ஸ்வென்சனை வளர்த்த எல்ஃப்ஸ்போர்க் கிளப்பும் நாட்டின் தென்மேற்குப் பகுதியில்தான் இருக்கின்றன. ராபர்ட் பிரெஸ் அடித்த ஒரே கோலில் ஆர்சனல் ஜெயித்தது.

அன்றைய நிலவரத்தில் இருவரில் யாருடைய வாழ்க்கை பெரியது என்ற கேள்விக்கே இடமில்லை, யுங்பெர்க் வெகுதூரம் முன்னால் இருந்தார். ஆனாலும், ஸ்வீடன் மிட்ஃபீல்டர் ஒருவருடைய ஆட்டத்தை முதல் சீசனிலிருந்து கடைசி சீசன் வரை வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தபோது நான் ஸ்வென்சனைத்தான் எடுத்தேன். அதற்கான காரணத்தையும், யாருக்கு யுங்பெர்க் பொருந்துவார் என்பதையும் எழுதுகிறேன். கிம் கால்ஸ்ட்ரோம் என்ற மூன்றாவது பெயரும் என் கணக்கில் இருந்தது, அவரையும் தொட்டுவிட்டுப் போகிறேன்.

முதலில், சொல்லித் தெரிய வேண்டியதில்லாதவற்றை முடித்துவிடலாம். கோப்பைகள், கோல்கள், பணம், புகழ் இந்த நான்கிலும் யுங்பெர்க்தான். ஹால்ம்ஸ்டாட்டுடன் 1997இல் ஸ்வீடன் லீக். ஆர்சனலுடன் 2001-02இல் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டும். 2003-04இல் ஒரு லீக் ஆட்டத்திலும் தோற்காத அணியில் இடம். 2006 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் பார்சிலோனாவுக்கு எதிரே தொடக்கப் பதினொருவரில் ஒருவர். ஸ்வீடனின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருது இரண்டு முறை, 2002இலும் 2006இலும். ஸ்வென்சனிடம் இருப்பவை எல்ஃப்ஸ்போர்க்குடன் வென்ற இரண்டு லீக் பட்டங்களும் சில உள்நாட்டுக் கோப்பைகளும்தான். பட்டியலை வைத்து முடிவெடுப்பவருக்கு இதற்கு மேல் படிக்க வேண்டிய தேவையே இல்லை.

ஓடியவர்

யுங்பெர்க்கின் ஆட்டம் ஓட்டத்தில் இருந்தது. வேகம் மட்டுமென்றால் அவரைவிட வேகமானவர்கள் ஆர்சனலிலேயே இருந்தார்கள். எப்போது ஓட வேண்டும் என்ற கணக்கில்தான் அவர் தனி ஆள். 2001 டிசம்பரில் ஆர்சனலின் அன்றைய மைதானமான ஹைபரியில் இத்தாலியின் யுவென்டஸோடு நடந்த ஆட்டத்தைப் பாருங்கள். பெனால்டி பெட்டியின் விளிம்பில் ஆர்சனல் சக வீரர் டென்னிஸ் பெர்க்காம்ப் பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். இந்தப் பக்கம் திரும்புவதுபோல் காட்டி அந்தப் பக்கம் திரும்புகிறார், தடுப்பாளர்களின் கண்ணெல்லாம் பந்தின் மேல். அந்த இரண்டு மூன்று வினாடியும் யுங்பெர்க் பொறுக்கிறார். முன்னதாகக் கிளம்பினால் ஆஃப்சைடு, தாமதித்தால் இடைவெளி மூடிவிடும். பெர்க்காம்ப் பந்தைத் தட்டிவிடும் அதே நொடியில் உள்ளே புகுந்து கோல்கீப்பர் புஃபோனின் மேலாகத் தூக்கிப் போட்டார். பாஸைப் பற்றித்தான் இன்றுவரை எல்லோரும் பேசுகிறார்கள். அந்த ஓட்டம் இல்லையென்றால் அந்தப் பாஸுக்கு வேலையே இல்லை.

அதே சீசனின் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் செல்சிக்கு எதிராக அடித்த கோல் வேறு வகை. நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து பந்தோடு ஓடி வந்து, மேலே வந்து மோதிய ஜான் டெர்ரியைச் சமாளித்து, பெட்டியின் விளிம்பிலிருந்து வளைத்து அடித்தார். முந்தைய ஆண்டு லிவர்பூலுக்கு எதிரான இறுதியிலும் அவர் கோல் அடித்திருந்தார். அடுத்தடுத்த இரண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதிகளில் கோல் அடித்தவர் அவருக்கு முன் நாற்பது ஆண்டுகளாக இல்லை. அந்த சீசனில் லீக்கில் மட்டும் 12 கோல், பிரீமியர் லீகின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். உச்சம் என்று பார்த்தால் ஸ்வென்சன் மட்டுமல்ல, இந்தத் தலைமுறையின் எந்த ஸ்வீடன் மிட்ஃபீல்டரும் அந்த வசந்தகாலத்து யுங்பெர்க்கின் பக்கத்தில் வர முடியாது.

மியாகியிலிருந்து ஓய்ட்டா வரை

ஸ்வென்சனைப் பலருக்கும் தெரியும் என்றால் அது 2002 உலகக் கோப்பையால்தான். அர்ஜென்டினா, இங்கிலாந்து, நைஜீரியா, ஸ்வீடன் நான்கும் ஒரே பிரிவில். இங்கிலாந்தோடு 1-1, நைஜீரியாவை 2-1 என்று வென்று, அர்ஜென்டினாவுக்கு எதிரான கடைசி ஆட்டத்துக்கு ஜப்பானின் மியாகிக்கு வந்தது ஸ்வீடன். இடுப்புக் காயத்தால் யுங்பெர்க் அன்று ஆடவில்லை. 59ஆவது நிமிடத்தில் பெட்டிக்கு வெளியே நல்ல தூரத்தில் ஒரு ஃப்ரீ கிக். ஸ்வென்சன் வலது காலால் அடித்த பந்து சுவரைத் தாண்டி வலைக்குள் போனது. கடைசி நேரத்தில் கிரெஸ்போ சமன் செய்தாலும் 1-1 ஸ்வீடனுக்குப் போதுமானதாக இருந்தது. பிரிவில் முதலிடம் ஸ்வீடனுக்கு. அர்ஜென்டினா 1962க்குப் பிறகு முதல் முறையாக முதல் சுற்றிலேயே ஊர் திரும்பியது.

நான்கு நாள் கழித்து ஓய்ட்டாவில் செனகல். 1-1 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது ஆட்டம். அப்போது தங்க கோல் விதி இருந்தது, முதலில் அடிப்பவர் ஜெயித்தார், ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். பெட்டியின் அருகே பந்தை வாங்கிய ஸ்வென்சன், ஒட்டி நின்ற தடுப்பாளரை ஒரே சுழலில் பின்னால் விட்டுவிட்டு அடித்தார். பந்து போஸ்டில் பட்டுத் திரும்பியது. 104ஆவது நிமிடத்தில் ஹென்றி கமாரா அடித்த கோலில் ஸ்வீடன் வெளியேறியது. அந்தப் போஸ்ட் ஒரு கை அகலம் தள்ளி இருந்திருந்தால் ஸ்வீடன் கால் இறுதியில். அந்தத் திரும்பல் நான் பார்த்த மிட்ஃபீல்டர்களின் திரும்பல்களிலேயே மிக அழகானவற்றில் ஒன்று. கோலாக முடியாததால் தொகுப்பு வீடியோக்களில் அதற்கு இடம் கிடைப்பதில்லை.

ஆனால் ஃப்ரீ கிக்கும் போஸ்டும் ஸ்வென்சனை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இல்லை. அவை நடந்தபோது அவருக்கு வயது 25. முழு வாழ்க்கையைப் பார்க்க உட்காருபவருக்கு 25 வயது எப்படி இருந்தது என்பது பாதிக் கதைதான். வண்டி வாங்கும்போது விலையை விசாரித்துவிட்டு, பத்து வருஷம் கழித்து அது எப்படி ஓடும் என்றுதானே அடுத்து கேட்கிறோம். நான் கேட்டதும் அதே கேள்விதான்: முப்பதைத் தொட்டபின் இவர்கள் என்ன ஆனார்கள்?

முப்பது

யுங்பெர்க் ஆர்சனலில் ஒன்பது சீசன் ஆடினார். லீக்கில் ஒரு சீசனுக்கு 38 ஆட்டங்கள். ஒன்பது சீசனிலும் சேர்த்து அவர் ஆடியவை 216, சராசரி 24. எந்த ஒரு சீசனிலும் 30ஐத் தாண்டியதில்லை. மிகச் சிறப்பாக ஆடிய 2001-02லேயே 25 ஆட்டங்கள்தான். இந்த எண்களைப் பார்த்த பிறகு அவருடைய ஆட்டத்தைப் பார்க்கும் என் பார்வை மாறியது. அவர் நம்பியிருந்த ஆயுதத்துக்கு உடம்பு கொடுத்த விலை இது. நின்ற இடத்திலிருந்து வெடித்துக் கிளம்புவது, முழு வேகத்தில் திசை மாற்றுவது, பந்து வராவிட்டால் மறுபடியும் ஓடித் திரும்புவது. ஒரு ஆட்டத்தில் இப்படி எத்தனையோ முறை. இடுப்பும் தொடையும் கணுக்காலும் இதற்கெல்லாம் கணக்கு வைத்துக்கொள்கின்றன.

2007இல், முப்பது வயதில், அவர் ஆர்சனலை விட்டார். வெஸ்ட் ஹாமில் ஒரே சீசன், ஒப்பந்தத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு பிரிந்தார்கள். 2008 ஐரோப்பியக் கோப்பையில் ஸ்வீடனின் கேப்டன் அவர்தான், அணி முதல் சுற்றோடு வெளியேறியது. 75 ஆட்டம், 14 கோலோடு தேசிய அணிக்கு விடை சொன்னார். பிறகு சியாட்டில், சிகாகோ, செல்டிக், ஜப்பானில் ஷிமிசு. சியாட்டில் நன்றாகவே போனது, அமெரிக்க லீக்கான எம்.எல்.எஸ்.இல் கிளப்பின் முதல் சீசனிலேயே ஒரு கோப்பை ஜெயித்தார்கள், அதில் அவருடைய பங்கு பெரியது. மற்ற இடங்களில் எல்லாம் சில மாதங்கள்தான். 2012இல் ஓய்வு அறிவித்துவிட்டு, 2014இல் இந்தியாவின் ஐ.எஸ்.எல். லீக்கின் முதல் சீசனுக்கு மும்பை சிட்டியின் நட்சத்திர வீரராக வந்தார். அங்கேயும் காயம் குறுக்கிட்டது, சில ஆட்டங்களோடு சரி. அவரைப் பார்க்க டிக்கெட் வாங்கியவர்களுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த உடம்பு அதற்குள் எவ்வளவு செலவாகியிருந்தது என்று தெரிந்துகொண்டால் அவர் மேல் கோபம் வராது.

அதே சீசனில் சென்னையின் எஃப்.சி.யிலும் ஸ்வீடன் மிட்ஃபீல்டர் ஒருவர் ஆடினார், நினைவிருக்கிறதா? போயன் ஜோர்ஜிச். மான்செஸ்டர் யுனைடெடின் இளைஞர் அணியில் சிறந்த வீரர் விருது வாங்கியவர். ஆனால் யுனைடெடின் முதல் அணிக்காக லீக்கில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். அப்புறம் பல நாடு சுற்றி, ஏ.ஐ.கே. கிளப்புடன் 2009இல் ஸ்வீடனின் லீக்கும் கோப்பையும் ஜெயித்து, கடைசியில் சென்னைக்கு வந்தார். அவருடைய கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இப்போது ஸ்வென்சன். 2001இல் சவுத்தாம்ப்டனுக்குப் போனார். நான்கு சீசன், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய முப்பது லீக் ஆட்டங்கள். அணியின் முதல் பெயர் அவர் இல்லை. ஒரு நாள் நடுவில், ஒரு நாள் ஓரத்தில், சில நாள் பெஞ்சில். கார்டன் ஸ்ட்ராக்கன் பயிற்சியாளராக இருந்த 2002-03 சீசன்தான் நல்ல காலம், லீக்கில் எட்டாவது இடமும் அந்தக் கார்டிஃப் இறுதியும் அப்போதுதான். பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2005இல், 27 வருஷம் இங்கிலாந்தின் உச்ச லீக்கில் இருந்த கிளப் இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கியது.

அந்தக் கோடையில் அவர் செய்ததுதான் என்னை அவர் பக்கம் இழுத்தது. 29 வயது, உலகக் கோப்பை அனுபவம், இங்கிலாந்தில் நான்கு வருஷம். நடுத்தரமான ஏதாவது ஐரோப்பிய கிளப்பில் இன்னும் சில வருஷம் நல்ல சம்பளம் வாங்கியிருக்கலாம். அவர் போரோஸ் நகரத்துக்குத் திரும்பினார், ஆரம்பித்த எல்ஃப்ஸ்போர்க்குக்கே.

போரோஸ் ஜவுளித் தொழிலால் வளர்ந்த ஊர், கோத்தன்பர்கிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரப் பயணம். எல்ஃப்ஸ்போர்க் கடைசியாக லீக் ஜெயித்தது 1961இல். அவர் திரும்பிய அதே 2005இல்தான் புது ஸ்டேடியமான போரோஸ் அரீனா திறந்திருந்தது, செயற்கைப் புல் தரையோடு. ஸ்வீடனில் கிளப்புகளின் பெரும்பான்மை உரிமை உறுப்பினர்களின் கையில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. பணக்கார முதலாளி வந்து அணியை வாங்கிவிட முடியாது. அதனால் வெளிநாட்டில் பெயர் எடுத்த ஒரு வீரரை நல்ல வயதில் திரும்ப அழைப்பது அந்த கிளப்புகளுக்குப் பணத்தால் முடிகிற காரியம் இல்லை. வீரரே வர விரும்ப வேண்டும். ஸ்வென்சன் விரும்பினார். அடுத்த ஆண்டு, 2006இல், 45 வருஷத்துக்குப் பிறகு எல்ஃப்ஸ்போர்க் லீக் சாம்பியன். 2012இல் மறுபடியும். 2014இல் ஸ்வீடன் கோப்பை. 2015 முடிவில், 39 வயதில்தான் பூட்ஸைக் கழற்றினார். திரும்பி வந்தபின் பத்து வருஷத்துக்கு மேல்!

இந்தப் பத்து வருஷத்தை வரிசையாகப் பார்ப்பதில்தான் எனக்குக் கிடைத்த லாபம் எல்லாம் இருக்கிறது. 25 வயது ஸ்வென்சன் தாக்கும் மிட்ஃபீல்டர், கோல் பெட்டியின் அருகே பந்து கேட்பவர். 36 வயது ஸ்வென்சன் தன் தடுப்பாளர்களுக்கு முன்னால் நின்று ஆட்டத்தை நடத்துபவர். இரண்டுக்கும் நடுவே ஒரே நாளில் மாற்றம் எதுவும் நடக்கவில்லை. வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இறங்கிக்கொண்டே வந்தார். கவனித்துப் பாருங்கள்: பந்து வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. உடம்பைப் பாதி திறந்து வைத்து, தூரத்துக் காலால் பந்தை வாங்குகிறார். வாங்கும்போதே பந்து போக வேண்டிய பக்கம் திரும்பியாகிவிட்டது. அதனால் அவர் ஓட வேண்டிய தூரம் குறைகிறது, மோத வேண்டிய ஆளும் குறைகிறார். அடுத்து மைதானத்தின் குறுக்கே நீளமான ஒரு பாஸ், எதிர் ஓரத்தில் காத்திருக்கும் இளைஞனின் காலுக்கு. ஓட்டத்தை அந்த இளைஞன் பார்த்துக்கொள்வான்.

யுங்பெர்கால் இப்படி மாறியிருக்க முடியாதா? முடிந்திருக்கலாம், அறிவில் குறைந்தவர் இல்லை அவர். ஆனால் மாறுவதற்கு ஒரு இடமும் காலமும் வேண்டும். ஒரு வருஷ ஒப்பந்தத்தில் புது நாட்டில் வந்து இறங்கும் நட்சத்திரத்திடம் யாரும் புதுப் பாத்திரத்தைக் கேட்பதில்லை. பழைய யுங்பெர்கைத்தான் கேட்பார்கள், போஸ்டரில் இருக்கும் அந்த ஆளை. ஸ்வென்சனுக்கு எல்ஃப்ஸ்போர்க் கொடுத்தது நேரம். மெதுவாகும் உரிமை என்றுகூடச் சொல்வேன். இன்னொன்றும் உண்டு. ஸ்வீடன் லீக் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிகிறது, குளிர்காலம் முழுக்க லீக் ஆட்டம் இல்லை. டிசம்பர், ஜனவரியில் நெருக்கி நெருக்கி ஆட்டம் வைக்கும் இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் முப்பத்தைந்தைத் தாண்டிய கால்களுக்கு அது பெரிய வரம். செயற்கைப் புல் அதே கால்களுக்கு நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். வீரர்களே இரண்டு விதமாகவும் பேசுகிறார்கள், நான் அதில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

எளிய லீக் என்ற கேள்வி

நியாயமான கேள்விதான். ஸ்வீடனின் உச்ச லீக்கான அல்ஸ்வென்ஸ்கானில் 36 வயதில் ஜொலிப்பதும் பிரீமியர் லீக்கில் ஜொலிப்பதும் ஒன்றா? ஒன்று இல்லை. 2007இல் எல்ஃப்ஸ்போர்க் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் வலென்சியா வரை போய் இரண்டு ஆட்டத்திலும் தோற்றது. அதே சீசனின் யூஃபா கோப்பையில் ஃபியோரென்டினா 6-1 என்று அடித்தது. அந்த அணிக்கு எட்டும் உயரம் எது, எட்டாதது எது என்று இதிலேயே தெரிந்துவிடும். அல்ஸ்வென்ஸ்கானை நான் முழு ஆட்டங்களாகப் பார்த்ததைவிடத் துண்டு துண்டாகப் பார்த்ததுதான் அதிகம். ஆகவே அந்த லீக்கின் தரத்தை வேறொரு லீக்கோடு எடைபோட்டுச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

ஆனால் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது, தேசிய அணி. அங்கே எதிரே நிற்பவர்கள் பெரிய லீக்குகளில் ஆடுபவர்கள், ஊர்ப் பாசமெல்லாம் அங்கே செல்லாது. எல்ஃப்ஸ்போர்க் வீரராக இருந்துகொண்டே ஸ்வென்சன் 2006 உலகக் கோப்பைக்கும், 2008, 2012 ஐரோப்பியக் கோப்பைகளுக்கும் போனார். 2013 செப்டம்பரில் டப்ளினில் அயர்லாந்துக்கு எதிரே உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம், 1-1 என்று நிற்கிறது. 57ஆவது நிமிடத்தில் ஸ்வீடனின் முன்கள வீரர் ஸ்லாட்டான் இப்ராஹிமோவிச் எதிரணித் தடுப்பாளர்களுக்குப் பின்னால் ஒரு பந்தைத் தள்ளிவிடுகிறார். அதை நோக்கிப் புகுந்து ஓடியவர் 37 வயது ஸ்வென்சன்! கோல்கீப்பரைத் தாண்டிப் பந்து உள்ளே. ஸ்வீடன் 2-1. வருஷக்கணக்காகப் பின்னால் நின்று பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தவர், தேவைப்பட்ட ஒரு நிமிடத்தில் யுங்பெர்க் ஓடுவதுபோல் ஓடினார். சேர்த்து வைத்த கால் அது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அந்த ஆண்டுதான் கோல்கீப்பர் தாமஸ் ரவெல்லியின் 143 ஆட்டச் சாதனையையும் கடந்தார். நவம்பரில் பிளே ஆஃபில் போர்ச்சுகலிடம் தோற்றதும், ரொனால்டோ மூன்று கோல் அடித்த அந்த ராத்திரிக்குப் பிறகு, 148 ஆட்டங்களோடு விலகினார். யுங்பெர்க்கின் 75க்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஸ்வீடன் ஆண்கள் அணியில் அதற்கு முன் யாரும் அவ்வளவு ஆடியதில்லை.

ஆண்கள் அணியில் என்று அழுத்திச் சொல்ல வேண்டும். சாதனைக்காக ஸ்வீடன் கால்பந்துச் சங்கம் அவருக்கு ஒரு காரைப் பரிசளித்தது. அப்போதே அவரைவிட அதிக ஆட்டங்கள் ஆடியிருந்த பெண்கள் அணியின் மிட்ஃபீல்டர் தெரேசா ஷோகிரனுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்று நாடு முழுக்கப் பெரிய சர்ச்சை கிளம்பியது. நியாயமான சர்ச்சை. ஷோகிரன் 214 ஆட்டங்களோடு ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்த கரோலின் சேகர், அவரும் மிட்ஃபீல்டர்தான், 240 ஆட்டம் ஆடியிருக்கிறார், இரண்டு ஒலிம்பிக் வெள்ளியோடு. நீடித்து ஆடுவதுதான் உங்கள் அளவுகோல் என்றால் சேகரின் வாழ்க்கையைப் பார்க்கத் தொடங்க இதைவிட நல்ல காரணம் வேண்டாம். நான் அவருடைய ஆட்டங்களை இனிமேல்தான் வரிசையாகப் பார்க்கப் போகிறேன்.

நடுவில் ஒருவர்

கிம் கால்ஸ்ட்ரோம் இருவருக்கும் இடைப்பட்டவர். 1982இல் பிறந்தவர், இடது கால். ஸ்வீடனின் யூர்கோர்டன் கிளப்புடன் 2002, 2003 இரண்டிலும் லீக் பட்டம், பிறகு பிரான்ஸில் ரென், அதன்பின் லியோனில் ஆறு வருஷம். லியோனுடன் இரண்டு பிரெஞ்சு லீக் பட்டங்கள், 2010இல் சாம்பியன்ஸ் லீக் அரை இறுதி. தேசிய அணிக்கு 131 ஆட்டம். அவருடைய மிகச் சிறந்த 45 நிமிடம் 2012 அக்டோபரில் பெர்லினில். ஜெர்மனி 4-0 என்று முன்னால் இருந்தது. இடைவேளைக்குப் பின் களமிறங்கிய கால்ஸ்ட்ரோம் தன் இடது காலால் ஆட்டத்தையே வேறு பக்கம் திருப்பினார், 4-4 என்று முடிந்தது. ஒரே ஒரு ஆட்டம்தான் பார்ப்பேன் என்பவர்கள் மூவரையும் விட்டுவிட்டு இதைப் பார்க்கலாம்.

2014 ஜனவரியில் அவர் கடனாக ஆர்சனலுக்கு வந்தபோதே முதுகில் காயம், மொத்தமே நான்கு ஆட்டங்கள்தான். அதில் ஒன்று வெம்பிளியில் விகனுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை அரை இறுதி. பெனால்டி ஷூட் அவுட்டில் நிதானமாக நடந்து வந்து தன் பந்தை உள்ளே போட்டார். ஆர்சனல் அந்த ஆண்டு கோப்பையை வென்றது.

கால்ஸ்ட்ரோமும் ஊர் திரும்பினார். ஆனால் 2017இல், 34 வயதில். யூர்கோர்டனில் ஒரே சீசன், அதோடு முடிந்தது. இன்னொரு ஸ்வீடன் மிட்ஃபீல்டர் செபாஸ்டியன் லார்சன் 2018இல் 33 வயதில் ஏ.ஐ.கே. கிளப்புக்கு வந்து அதே ஆண்டில் லீக் ஜெயித்தார், நல்ல முடிவு அது. யுங்பெர்க் ஆட்டக்காரராக ஸ்வீடன் கிளப் எதற்கும் திரும்பவே இல்லை. இவர்களோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் 29 என்ற எண்ணின் கனம் தெரிகிறது. முப்பத்துமூன்றில் திரும்புபவர் மிச்சமிருப்பதைக் கொண்டு வருகிறார். இருபத்தொன்பதில் திரும்பியவரால் ஒரு அணியைக் கட்டி, பட்டம் வென்று, தன் ஆட்டத்தை மாற்றி, இன்னொரு பட்டமும் வெல்ல முடிந்தது. சவுத்தாம்ப்டன் கீழே இறங்காமல் இருந்திருந்தால் அவர் அப்போது கிளம்பியிருப்பாரா என்றும் கேட்கலாம். சூழ்நிலைக்கும் அதில் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

சரி, யார் யாருக்கு? வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கால்பந்து மேல் ஆசை வர வேண்டும் என்றால் தயங்காமல் யுங்பெர்க். அந்த ஓட்டத்தைப் பார்க்கிற பிள்ளை அன்று மாலையே மைதானத்துக்குக் கிளம்பிவிடும். 2001-02இன் பிற்பாதியை மட்டும் பார்த்தால்கூடப் போதும், 2006 உலகக் கோப்பையில் பராகுவேக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் தலையால் முட்டிய கோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளையாட ஆரம்பித்துச் சில வருஷம் ஆகி, நடுக்களத்தில் நிற்பது எப்படி என்று குழம்புபவர்களுக்கும், முப்பதைத் தாண்டியும் வாரக் கடைசியில் பந்து உதைப்பவர்களுக்கும் ஸ்வென்சன். அவரைப் பார்க்கும்போது ஃப்ரீ கிக்கில் தொடங்க வேண்டாம். 2012 சீசனின் எல்ஃப்ஸ்போர்க் ஆட்டம் ஏதாவது ஒன்றை எடுத்து, பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் இருபது நிமிடம் பாருங்கள். பந்து வருவதற்கு முன் எத்தனை முறை தலையைத் திருப்புகிறார் என்று எண்ணுங்கள். அப்புறம் 2002இன் செனகல் ஆட்டம், அதற்குப் பிறகு டப்ளின். மூன்றையும் இந்த வரிசையில் பார்த்தால் அதே ஆள் எங்கே மாறினார், எங்கே மாறவே இல்லை என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும்.